அப்பாவின் பிறந்த வீட்டுப் பெயர்

புரோக் பண்ணை, வெஸ்ட்ஃபாலியா
1869 மார்ச் 4

அன்பு மகள் திரினாவுக்கு அம்மா எழுதுவது. மிசூரியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அப்பா போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. பதினொரு மாடும் இத்தனை நிலமும் ஒற்றைப் பொம்பளையால் ஆகிற காரியமா, பாதிரியாரும் பக்கத்துப் பண்ணை ஸ்டீனாவும் சொல்லிச் சொல்லி ஜனவரியில் லூடோல்ஃபைக் கட்டிக்கொண்டேன். கோபப்படாதே கண்ணு. நல்ல மனிதர், குடிப்பதில்லை. ஆனால் நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, இந்தச் சதுப்பில் முதலில் வீடு கட்டியவனைச் சதுப்புக்காரன் என்று ஊர் கூப்பிட்டதுதான் புரோக்மான், அதற்குப் பிறகு இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக யார் வந்தாலும் தன் பெயரை விட்டுவிட்டு இந்தப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா இருபத்தெட்டு வருஷம் புரோக்மானாக இருந்தார். இப்போது கோயில் ஏட்டில் லூடோல்ஃபும் புரோக்மான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று, புரோக்மான், கஞ்சி ஆறுது என்று பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டேன். சத்தியமாக அப்பாவைத்தான் கூப்பிட்டேன். தொழுவத்திலிருந்து லூடோல்ஃப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர்மேல் என்ன தப்பு. அடுப்படிக்குப் போய் அழுதேன். நாளைக்கு இவரும் கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்தில்தான் படுப்பார், இரண்டு கல்லறைக் கல்லிலும் ஒரே பெயர் இருந்தால் என் கெர்ட் எங்கே என்று யாருக்குத் தெரியும். அதனால் அப்பாவின் கல்லில் அவர் பிறந்த வீட்டுப் பெயரை வெட்டச் சொன்னேன். ஸ்டீனா சும்மா இருப்பாளா, உசுரோட இருந்தவரைக்கும் உழைக்க வெச்சிட்டு இப்ப பொறந்த வீட்டுக்குத் தொரத்துறியாடி என்று கேட்டாள். கல்தச்சனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை, கெர்ட் ஹாக்கெ என்று எழுத்தெழுத்தாக நான்தான் சொன்னேன்.

நேற்று கல்லை நட்டார்கள். எல்லாரும் போன பிறகு, வேறு கல்யாணம் செய்துகொண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன், கூப்பிட வாய் வரவில்லை. புரோக்மான் என்றால் அது இப்போது இன்னொருவர். ஹாக்கெ என்றோ கெர்ட் என்றோ முகத்துக்கு நேரே அவரை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மன்னிப்புக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குழந்தைக்கு இருமல் என்றாயே, நெஞ்சில் கம்பளி கட்டு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடமாட்டார். ஒன்று மட்டும் மறக்காமல் செய், திரினா. உனக்கு அவர் என்றைக்கும் அப்பாதான். எனக்காக நீ அங்கிருந்து ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டு, அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
எங்கல் புரோக்மான்