நீ பூட்டிவைத்த பட்டியல்

காலையில் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். "பூண்டுக்குப் போயி இன்னாத்துக்கு இப்பிடிப் பதர்றே?" என்றாள். சிரித்து மழுப்பினேன். உனக்குத் தெரியும். அரிசி ஏற்றிய கன்டெய்னருக்குள் பூச்சி மருந்து வில்லை வைத்துப் பூட்டினால் கிளம்பும் விஷவாயுவுக்கும் ஏறக்குறைய இதே வாசனைதான்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நமக்கென்று ஒரு தகரக்கூரை அறை, ஒரு மேசை, ஒரே கம்ப்யூட்டர். யார்டுக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதுவது நம் வேலை. நீ ராயபுரத்திலிருந்து வருவாய், நான் தண்டையார்பேட்டையிலிருந்து. ஒரே வயது, ஒரே சம்பளம், வாங்கும் திட்டும் ஒன்று. காலையில் கீபோர்டில் படிந்திருக்கும் லாரிப் புழுதியைத் துடைப்பது மட்டும் எப்போதும் நீதான். நான் துடைத்ததே இல்லை.

மருந்து வைத்த கன்டெய்னர் பெட்டிகளின் பட்டியலை நீ புரோகிராமில் டியூப்பிளாக, அதாவது பூட்டிய பட்டியலாக, எழுதியிருந்தாய். காலையில் ஒருமுறை கட்டியபின் அதில் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. யார்டில் ஆட்கள் பார்க்கும் திரை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெட்டிக்குச் சிவப்பு காட்டும். பட்டியலில் இல்லாத பெட்டி பச்சை. பச்சை என்றால் கதவைத் திறக்கலாம்.

எனக்கு அந்த டியூப்பிள் பெரிய பேஜாரு. சாதாரண லிஸ்ட் என்றால் நினைத்தபடி வெட்டி ஒட்டலாமே என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன். "கை வைக்க முடிஞ்சா எவனாவது வைப்பான் மாமு. நீயே வைப்பே. மாத்தணும்னா காப்பி எடுத்து அதுல மாத்து" என்பாய்.

உன் மகள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக நீ லீவில் போன அன்று மேனேஜர் ஒரு புதுப் பக்கம் கேட்டார். அன்றன்று மருந்து நேரம் முடியும் பெட்டிகள் மட்டும் அதில் வரவேண்டும். உன் பட்டியலிலிருந்து மற்றவற்றை நீக்கப் பார்த்தேன், மாற்ற முடியாது என்று பிழை காட்டியது. காப்பி எடுத்திருந்தால் இன்னும் ஒரு வரி, அவ்வளவுதான். என் சோம்பேறித்தனம். டியூப்பிள் என்ற சொல்லை அழித்து லிஸ்ட் என்று அடித்தேன். யார்டில் ஆட்கள் கிளம்பியபின் ஓட்டிப் பார்த்தேன், பக்கம் அழகாக வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நீ கேரியரில் உன் மனைவி கட்டிக்கொடுத்த விசேஷ பிரியாணி கொண்டுவந்தாய். "ஸ்டெல்லா உனக்குன்னு தனியா எடுத்து வெச்சா, துன்னு" என்றாய். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யார்டில் கூச்சல் கேட்டது. சற்று முன்புதான் மேனேஜர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தார். அவர் திறந்ததுமே என் வரிகள் உன் பட்டியலையே வெட்டிவிட்டன. மருந்து முடியாத பெட்டிகளெல்லாம் திரையில் பச்சையாகிவிட்டன. பெட்டியில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளோ முந்தின மழையில் கிழிந்துபோயிருந்தது. பச்சையைப் பார்த்துவிட்டு, யார்டில் சுமை இறக்கும் கனி பாய் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்திருக்கிறார். நாம் ஓடிப்போனபோது அவரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். வாயில் நுரை. சுற்றிலும் பூண்டு வாசனை.

பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் நாலு படி சேர்ந்தாற்போல ஏற முடிந்ததில்லை.

அன்று மாலையே விசாரணைக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்தார்கள். தலையில் உன் பெயர் மட்டும்தான். யார் எப்போது மாற்றியது என்கிற பதிவெல்லாம் நம் அறையில் ஏது? "இதை யார் எழுதினது?" என்று கேட்டார்கள். நீ குனிந்து திரையைப் பார்த்தாய். லிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றாய்.

அந்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள். எண்ணூரில் வேறு வேலை தேடிக்கொண்டாய். அதன்பின் நான் உன் தெருப் பக்கமே வரவில்லை. நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தவன், கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கோழை நான், வேறென்ன சொல்ல?

இன்று பூண்டு வாசனை விடவே இல்லை. மாலையில் உன் வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன்.

"தெரியும்ண்ணே. வேலை போன அன்னிக்கே சொல்ட்டாரு. 'அவனே வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் கேக்காதே'ன்னாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்தா வாசலையே பாத்துகினு குந்தினிருப்பாரு. உங்களுக்கும் சேத்துதான் டீ போடச் சொல்வாரு."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் எழுதும் எதையும் பூட்டாமல் விடுவதில்லை. கூட வேலை செய்யும் பெண், "இதுக்குமா சார் டியூப்பிள்?" என்று சிரிக்கிறாள். கை வைக்க முடிந்தால் நானே வைப்பேன், அதனால்தான் என்று அவளிடம் சொன்னதில்லை.

நாளை கொருக்குப்பேட்டைக்கு, கனி பாய் வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கும்போது இத்தனை வருஷமாக அவர் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.