உங்கள் வீட்டில் என் குழந்தையின் அறை

அக்கா,

நேற்று கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டுக் கதவைத் திறந்ததுமே பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அவளுக்கு இது எட்டாம் மாதம். வரப்போகும் குழந்தைக்கென்று ஓர் அறையை ஒழித்து, மஞ்சள் வண்ணம் அடித்து, திரைகூட மாட்டிவிட்டாள். "நீ திட்டுவேன்னு பயந்துகிட்டேதாம்மா பண்ணினேன்" என்றாள். நான் திட்டவில்லை. உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். இவளுக்கும் பிறக்குமுன்பே ஓர் அறை தயாராக இருந்தது. என் வீட்டில் அல்ல, உங்கள் வீட்டில்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர். நான் இரண்டு முறை உண்டாகி, இரண்டையும் பறிகொடுத்தவள். இரண்டாவது முறை ஏழாம் மாதமே தொட்டில் வாங்கி, சட்டையெல்லாம் தைத்து அடுக்கி வைத்திருந்தேன். வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவை அப்படியே இருந்தன. முன்கூட்டி வாங்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிக்கொண்டேன்.

அதனால் மூன்றாவது முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதும் வசதியாகப் போயிற்று. உடம்பு சரியில்லை என்று தெருவுக்குச் சொல்லிவிட்டோம். என் வீட்டுக்காரரைத் தவிர விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அம்மா இல்லாத எனக்குப் பிரசவத்துக்குப் போக ஒரு வீடும் கிடையாது. அதையும் நீங்களே யோசித்து வைத்திருந்தீர்கள்.

"உன் வீட்ல ஒரு துணிகூட வைக்க வேணாம். எல்லாம் என் வீட்ல இருக்கட்டும். பிள்ளைய தூக்கிட்டு நேரா அங்க வந்துடு. அதான் உன் அம்மா வீடு."

"யாருக்குன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லல" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பேச்சு வாங்கப்போகிறீர்கள் என்று நம் இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போய், கம்பி வைத்த பழைய கட்டில் ஒன்றை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தீர்கள். ரிக்‌ஷாக்காரர் அதை இறக்கிவைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, கொயந்த கட்டிலு! யார் வூட்ல விசேஷம்?"

"எங்க இறக்கினியோ அந்த வீட்லதான்" என்றீர்கள். என் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அதே ஜன்னல் வழியாக அந்த அறை உருவாவதைப் பார்த்தேன். சுவருக்கு இளம்பச்சை. உங்கள் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தைத்த திரை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறிவிடுவீர்கள். ஒருநாள் பார்த்தால், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று கரும்பலகைப் பெயிண்ட்! நீங்கள் வந்ததும் பதறிக் கேட்டேன்: குழந்தை அறைக்குக் கறுப்பா?

"கிறுக்கறதுக்குத்தான். உன் பிள்ளைக்கும் சுவத்துக்கும் நடுவுல யாரும் வரக்கூடாது. அதோட, பொறந்த பிள்ளைக்கே கன்னத்துல கறுப்புப் பொட்டு வைக்கிறீங்க, ரூமுக்கு வெச்சா ஆகாதா?" நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் என் பயத்துக்கு என் பாஷையிலேயே பதில் சொன்னீர்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தெரு தூங்கவில்லை. டீச்சர் பிள்ளை தத்தெடுக்கிறார் என்று ஆரம்பித்தது, போகப்போகக் கேவலமாயிற்று. எதிர்வீட்டு மாமி உங்கள் இடுப்பைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு விசாரித்து, இப்படியே போனால் வேலையில் வைத்திருப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் அதை என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ரயிலில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லிடேன், முடிஞ்சுபோகும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, அக்கா. சொன்னால் இதுவும் போய்விடும் என்று நடுங்கினேன். நீங்கள் தினமும் ரசம் கொண்டுவந்தீர்கள், கால் பிடித்துவிட்டீர்கள், உண்மையைச் சொல்லச் சொல்லி ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காததைச் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன்.

பெண் பிறந்தாள். டாக்ஸி உங்கள் வாசலில் நின்றபோது தெருவே கூடியிருந்தது. ஆரத்தி எடுக்க நீங்கள் யாரைக் கூப்பிட்டிருந்தீர்கள்? எதிர்வீட்டு மாமியைத்தான்! அவர் தட்டோடு திகைத்து நின்றார். குழந்தையின் கனம் என் கையில் இருந்தது.

"மாமி, அந்தக் கட்டில் இவளுக்கு. நான்தான் சொல்ல வேணாம்னு கேட்டுகிட்டேன். எனக்காகத்தான் இவங்க இத்தனை பேச்சு வாங்கினாங்க. உங்க எல்லார்கிட்டயும் வாயைத் திறக்காதது நான்தான்." சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். மாமி தலை நிமிரவில்லை.

நீங்கள் குழந்தையை வாங்கிக்கொண்டீர்கள். "பிள்ளைய வெயில்ல வெச்சுகிட்டு பிரசங்கம் பண்ணாதே. உள்ள வா."

மறுநாளே என் வீட்டுக்காரர் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். வேலை தங்கியது. அதன் பிறகு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினீர்கள்.

இப்போதெல்லாம் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ ஒரு பெண்ணைப் பற்றி யாராவது குசுகுசுத்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. "உங்களுக்குத் தெரியுமா? பார்த்தீங்களா?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். "உனக்கு ஏம்மா ஊர் வம்பு?" என்று மகள் கோபித்துக்கொள்கிறாள். அவளுக்காகத்தான் அன்று மூன்று மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் அதை மன்னித்துவிட்டீர்கள், அக்கா. நான்தான் அதற்கு ஈடாக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.