யாருக்குச் சொன்ன வசனம்

அன்பு ஜெபக்கனிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கு?

இங்கே பிம்ப்ரியில் வேலை முடிஞ்சதும் சபையில் வேதபாட வகுப்புக்குப் போறேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத உன் புருஷன் பரீட்சை எழுதப்போறார், சிரிச்சுக்கோ. ஒரு வசனம் யாருக்குச் சொன்னதுன்னு முன்னும் பின்னும் வாசிக்கணுமாம்.

நம்ம ஷீபா ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப, புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம்னு நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் நீ சாவதில்லைன்னு வந்ததே. அதை நம்பித்தானே அவளை விட்டுட்டு வேலைக்கு ரயில் ஏறினேன். அடக்கத்துக்குத்தான் திரும்பி வந்தேன். நேற்று தேடி வாசித்தேன். அது பயந்துபோன ஒரு வீரனுக்குச் சொன்னது, நம்ம பிள்ளைக்கு இல்லை.

ஆண்டவர் ஏமாத்தலை. நான்தான் தப்பா வாசிச்சேன். நீ மறுபடி கோயிலுக்குப் போ, கோபத்தை என்மேல் வை.

என் கண்ணாடியை அனுப்பு. ஷீபாவோட பைபிளையும் அனுப்பு. அவ கோடு போட்ட இடமெல்லாம் முன்னும் பின்னும் வாசிக்கணும்.

வகுப்புக்கு நேரமாச்சு.

உன்
தங்கையா