பேட்டரி தீரட்டும்

தெருவையே எழுப்பிவிட்டுப் பாட்டுக் கேட்ட என் செல்ல அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு. சங்கரன்கோவில்ல எதுவும் நிக்கல, நம்ம தெரு விசைத்தறியெல்லாம் அப்படியேதான் ஓடுது. உன்னைக் கட்டின மதினிதான் இன்னும் ஒரு சொட்டு அழல. சமைக்காங்க, துவைக்காங்க, சர்ச்சுக்குப் போயிட்டு வாராங்க. எனக்கு அதான் பயமா இருக்கு.

போன வாரம் என் மக போன்ல உன் ஆல்பத்தைப் போட்டா. பம்பாயில வேலை பாத்தப்ப நீ கேசட்டா கொண்டாந்தியே, அந்த அமெரிக்கக் கத்தல். "வெளிவந்தப்ப ஒருத்தனும் சீண்டல. பொறவு வந்த பங்க் ராக் பாட்டுக்காரன் பூரா இதைக் கேட்டு வளந்தவன்தான்ட்டி"ன்னு பெருமையடிப்ப. தறிச் சத்தத்தையே தோக்கடிக்கிற பாட்டுன்னு நான் கேலி பண்ணுவேன்.

ஆனா போன்ல யாரோ ஓடிக்கிட்டே பாடுத மாதிரி இருந்துச்சு. இதுவா நம்ம பாட்டு?

பொறவுதான் புரிஞ்சுது. நீ என்னைக்குப் புது பேட்டரி வாங்கின, கஞ்சப்பயலே? தீந்துபோனதையே மொட்டமாடி வெயில்ல காயவச்சு காயவச்சுப் போடுவ. டேப் இழுத்து இழுத்து ஓடும். பாடுதவன் குரல் இறங்கி, அச்சு அசல் உன் குரலாயிரும். நீயும் கூடச் சேந்து பாடுவ. எது அவன், எது நீன்னு தெரியாது. உன் குரலை நாங்க யாருமே பதிஞ்சு வைக்கலையே அண்ணே! அதை ஒரு தடவையாவது கேக்கணும்னு மனசு கிடந்து தவிச்சுச்சு.

உன் வீட்டுக்குப் போயி பரண்லருந்து டேப்பை இறக்கி, கடையில வாங்கின புது பேட்டரியப் போட்டேன். அதுலயும் அவன் ஓடித்தான் பாடுனான். சரி, பேட்டரி தீரட்டும்னு தினமும் சாயங்காலம் போயி ஓடவிட்டேன். மதினி அவங்க பாட்டுக்கு அடுக்களையில வேலை பாப்பாங்க. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க.

நேத்து குரல் இறங்குச்சு. கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, நீயேதான் அண்ணே.

அடுக்களைலருந்து மதினி, எப்பவும் உன்கிட்ட போடுத மாதிரியே சத்தம் போட்டாங்க: "என்னங்க, அதைக் கொஞ்சம் கொறைங்களேன், காது கிழியுது!"

சொல்லிட்டு, கரண்டியோட வந்து வாசல்ல நின்னாங்க. என்னைப் பாத்தாங்க. டேப்பைப் பாத்தாங்க. அப்படியே தரையில உக்காந்து, அம்மாடி, என்ன அழுகை! நானும் பக்கத்துல உக்காந்து அழுதேன். உனக்கு அங்கன கேட்டுச்சா?

இனி மதினியைத் தனியா விடமாட்டேன், சத்தியம். அவங்க எத்தனை தடவை சொன்னாலும் சத்தத்தைக் குறைக்கவும் மாட்டேன். நீ என்னைக்குக் குறைச்ச?

சண்டை போட நீ இல்லாம நிக்கிற
தங்கச்சி எஸ்தர்