பானட்டுக்கு அந்தப் பக்கம்

முந்தாநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வன்னியம்பட்டி தாண்டியதும் காருக்குள் அந்த இனிப்பு வாடை வந்தது. பக்கத்தில் இருந்த சுதா, பால்கோவா டப்பா திறந்துகொண்டதா என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உங்கள் மகளுக்கு மூக்கு என்னுடையது, ஆனால் அது தின்பண்டத்துக்கு மேல் எதையும் மோந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் எங்கேயோ கசிந்து சூட்டில் பொசுங்குகிற வாடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் சட்டையில் இருந்த வாடை.

காரை ஓரங்கட்டிப் பானட்டைத் தூக்கினேன். மெக்கானிக்குக்குப் போன் போடுவோமா என்றாள் சுதா. வேண்டாம், எஞ்சின் ஆறட்டும், ஆறாமல் மூடியைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது என் பேச்சில்லை, உங்கள் பேச்சு என்று தெரிந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன, எல்லாம் பழகிவிட்டது என்று ஊரார் நினைக்கிறார்கள். எனக்கு ஒன்றும் பழகவில்லை. ஒரு வாடை போதும், மனசு உங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஓஸைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, குறைந்ததற்கு ஊற்றிவிட்டு, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். சாயங்காலம் உங்கள் சாமான் பெட்டியைத் திறந்தேன்.

என்னைக் கட்டிக்கொண்டு வந்ததற்கு அடுத்தபடி நீங்கள் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் காரைத்தான். யாரோ ஓட்டித் தள்ளியது. மற்றபடி நல்ல வண்டி, சூடாவது ஒன்றுதான் அதன் வியாதி. வாரமெல்லாம் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த வண்டிக்கு வைத்தியர். கிளிப்பைக் கவ்வி விரிக்க வளைந்த மூக்குக் குறடு, கழுத்து நீண்ட புனல், ரேடியேட்டர் வாயில் மாட்டி அடிக்க ஒரு கைப்பம்பு. பம்பை அடித்தால் அதன் மீட்டர் முள் ஏறி நிற்க வேண்டும், இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் சுற்றி வைத்திருப்பீர்கள். ஒருநாள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சூட்டில் அது வாய் திறக்கிறதா என்று பார்க்க என் பால் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தீர்கள். அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதோடு அந்தச் சட்டியை உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

கார் வந்த புதிதில் நடந்தது நினைவிருக்கிறதா? குனிந்தபடியே, "ஏட்டி, அந்தப் பச்சத் தண்ணிய எடுத்துட்டு வா" என்றீர்கள். பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர் என்றுதான் யாருக்கும் தோன்றும். செம்பு நிறைய போர் தண்ணீரைக் கொண்டுவந்து, நீங்கள் ஸ்க்ரூடிரைவரைத் தேடித் திரும்புவதற்குள் ஊற்றியும் விட்டேன். நீங்கள் கேட்டது அலமாரியில் கேனில் இருந்த பச்சை நிறக் கூலண்ட். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடிக்கும் என்று அடியில் தட்டை வைத்து மொத்தத்தையும் மறுபடி வடித்தீர்கள். வேறு ஆளாக இருந்தால் என்னை வறுத்தெடுத்திருப்பார். நீங்கள், சொன்னவன் மேல்தான் தப்பு என்று முனகிவிட்டு வேலையைப் பார்த்தீர்கள்.

தண்ணீர் மாற்றினால் உள்ளே அடைந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை ஓட்டி ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுக்க, இன்னொருவர் புனலில் குமிழி வருகிறதா என்று பார்த்து ஓஸை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். ரேஸ் கொடுக்கிற வேலை எனக்கு. ஹீட்டரையும் முழுசாகத் திருப்பி வைக்கச் சொல்வீர்கள். சித்திரை வெயிலில், இராஜபாளையத்தில், ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முன்னால் பானட் தூக்கி நிற்கும். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் நீங்கள் பேசுவீர்கள். முகத்துக்கு நேராக ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், பானட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் மட்டும் வாய் திறப்பீர்கள். போன வாரக் கல்யாணத்துக்கு நான் கட்டிய சேலை நன்றாக இருந்தது என்பதை இந்த வாரம் அங்கிருந்து சொல்வீர்கள். சுதாவைக் கோயம்புத்தூர் காலேஜில் விட்டுவிட்டு வந்த மறுநாள், "வீடு என்னமோ மாதிரி இருக்குல்லட்டி" என்றதும் அங்கிருந்துதான். வ. புதுப்பட்டியில் இருக்கிற உங்கள் தம்பியோடு பேச்சு நின்றுபோனதை நினைத்து நீங்கள் வேதனைப்பட்டது எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான். வியர்வை வடிய உட்கார்ந்திருப்பேன். வெளியே எரிச்சலாகக் காட்டிக்கொண்டாலும், அடுத்த தடவை எப்போது தண்ணீர் மாற்றுவீர்கள் என்று மனசுக்குள் காத்திருப்பேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

கடைசியாகத் தண்ணீர் மாற்றியது, மதுரையில் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டீர்கள். காலையில் பானட்டைத் தூக்கினீர்கள். நான் உள்ளே ரேஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "ரெங்கநாயகி" என்று கூப்பிட்டீர்கள்.

எனக்கு அந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும்தான் உண்டு. உங்களுக்கு நான் ஏட்டி, கோபம் வந்தால் இந்தா. முழுப் பேரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நீளமாக ஏதோ சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே ஹீட்டர் இரைச்சல் வேறு. ஒரு வார்த்தை காதில் விழவில்லை. குரல் ஏறி நின்றது மட்டும் தெரிந்தது, ஏதோ கேட்கிறீர்கள் என்று. வெக்கையில் எப்போது இறங்குவோம் என்றிருந்தது எனக்கு. "சரி" என்றேன்.

நீங்கள் பானட்டை இறக்கினீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். தலைச்சுமையை இறக்கி வைத்தவர் முகம் மாதிரி அப்படித் தெளிந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "அது போதும் எனக்கு" என்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? சாப்பிடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது, நாளைக்குக் கேட்கலாம் என்று தோன்றியது. அந்த மாசம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாயில் குழாயோடு நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தீர்கள், நாம் பேசி முடித்த விஷயம்தானே என்பதுபோல. அப்போதும் கேட்க வாய் வரவில்லை. அப்படியே போய்விட்டீர்கள்.

ஒருவேளை இன்னும் கொஞ்சம் ரேஸ் கொடு என்பதுதானோ என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒருவர் பெண்டாட்டியை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா? இல்லை. நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டீர்கள். நான் ஒத்துக்கொண்டேன். எதை என்று தெரியாது.

காரியம் முடிந்த கையோடு புதுப்பட்டிக்குப் போய்க் கொழுந்தனார் வீட்டில் கை நனைத்தேன். தம்பியை விட்டுவிடாதே என்று கேட்டிருப்பீர்களோ என்றுதான். அவர் சாப்பிடாமல் வாசலில் நின்று அழுதார். சுதா ஒரு பையனைச் சொன்னாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளை மனசை நோகடிக்காதே என்று நீங்கள் கேட்டிருக்கலாம் என்று அவனையே பேசி முடித்தேன். வண்டியை விற்கவில்லை. வயசு நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட்டப் பழகினேன். குறடு, பம்பு, புனல் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் முடிந்ததும் இதுதானா என்று உங்களைக் கேட்பேன். நீங்கள் என்றைக்கு நேராகப் பதில் சொன்னீர்கள், இப்போது சொல்ல?

நேற்றுக் காலையில் பம்பை அடித்துப் பார்த்தேன், முள் இறங்கியது. கிளிப் இருந்த இடத்தில் ஓஸும் வெடித்திருந்தது. புதுசு வாங்கி மாட்டி, கூலண்ட் நிரப்பி, சுதாவை உள்ளே உட்காரவைத்து ஹீட்டரைப் போடச் சொன்னேன். உங்கள் இடத்தில் நான். நீங்கள் ஏன் அங்கே நின்று பேசினீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பானட்டுக்கு இந்தப் பக்கம் அழுதாலும் யாருக்கும் தெரியாது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்த நேரம் சுதா உள்ளிருந்து ஏதோ சொன்னாள். குரல் ஏறி நின்றது. சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புனலை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் ஓடினேன்.

"எஞ்சின அணை. எனக்குக் கேக்கல. திருப்பிச் சொல்லு."

ஒன்றுமில்லை என்றாள், உங்களைப் போலவே. நான் நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா கொரலு எனக்கு மறந்துக்கிட்டே வருதும்மா. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

போனில் கிடக்கிற வீடியோ எல்லாம் நீங்கள் எடுத்தவை. எடுக்கிறபோது வாயைத் திறக்கவே மாட்டீர்கள். பிள்ளை எங்கே போய்க் கேட்பாள்? நான் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலை அடியில் இறக்கி, முதல் எழுத்தை நீங்கள் இழுத்த மாதிரியே இழுத்து, என் பேரை நானே கூப்பிட்டேன். சுதா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பிறகு, அப்பா உன்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே, எப்போது கூப்பிட்டார் என்றாள். யாரிடமும் சொல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளிடம் சொன்னேன்.

"பேரச் சொன்ன பொறவு என்னம்மா சொன்னாரு?"

"தெரியலட்டி. கேக்காமலே சரின்னுட்டேன். அதான் எல்லாத்தையும் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."