மூன்று பாலைவனச் சில்லுகள்

மைனி,

உங்கள் மகள் வேலைக்காக வளைகுடாவுக்குப் போன பிறகு அவளுடைய அறையை நேற்றுதான் ஒதுக்கினேன். அலமாரியின் மேல்தட்டில், நீங்கள் அதிகம் கட்டாமலே மடித்து வைத்த இரண்டு பட்டுச் சேலைகளுக்கு அடியில் அந்த விளையாட்டுப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை மணமும் பழைய அட்டையின் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இத்தனை வருடம் கழித்தும் அந்த மணத்துக்கு என் உடம்பு பயப்படுகிறது. காது தானாகவே முன்னறைப் பக்கம் போயிற்று. தொலைபேசி இருந்த அந்த மூலையில் இப்போது தையல் இயந்திரம் கிடக்கிறது.

அண்ணன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது உங்கள் இருவர் கல்யாணம் கழிந்த பிறகு வளைகுடாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது. அவனோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒரேயடியாக ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டாராம். அறுகோண அட்டைச் சில்லுகளை அடுக்கி முதலில் ஒரு தீவை உண்டாக்க வேண்டும். காடு, புல்வெளி, கோதுமை வயல், செங்கல் மண், மலை. ஒவ்வொரு சில்லின் மேலும் ஓர் எண். பகடையில் அந்த எண் விழுந்தால், அதை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்கு அந்தப் பொருள் கிடைக்கும். சேர்ந்த பொருளைக் கொடுத்து வழி போடலாம், வீடு கட்டலாம், கடலில் கப்பல் விடலாம். அண்ணனுக்கு நீல நிறம், உங்களுக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு.

அவனுக்குப் பிடித்தது பாலைவன ஆட்டம். தீவின் குறுக்கே மணல் நிறச் சில்லுகள் மூன்றை வரிசையாக வைப்பான். அவற்றில் எண் கிடையாது, ஒன்றும் விளையாது. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒடுக்கமாக ஒரு பச்சை நிலம். அங்கே போய் வீடு கட்டினால் கூடுதல் புள்ளி. மணலின் நடுவில் கறுப்புக் கட்டை ஒன்று நிற்கும். அதுதான் கள்ளன். பகடையில் ஏழு விழுந்தால் கள்ளனைத் தூக்கி வேறு சில்லில் வைக்க வேண்டும். அவன் நிற்கிற இடத்தில் விளைச்சல் இல்லை.

மூன்று சில்லுகளையும் விரலால் தடவிக்கொண்டே அண்ணன் சொன்னான்: "இதாக்கும் நம்ம ரூட்டு."

அவன் அங்கே குடிதண்ணீர் டாங்கர் ஓட்டினான். மணலைக் கடந்து, அதற்கப்பால் இருந்த தொழிலாளர் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். நடுவில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். தண்ணி வண்டிக்காரனுக்குத் தண்ணிக்கா பஞ்சம் என்று அவன் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை.

அவன் திரும்பிப் போய்ச் சில மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய வழக்கமான அழைப்பு வரவில்லை. மறுநாள் காலையில் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு மலையாளி பேசினார். எங்களில் மலையாளம் நன்றாகத் தெரிந்தவர் குழித்துறைக்காரியான நீங்கள்தான். அம்மா உங்கள் கையில் ரிசீவரைக் கொடுத்தாள். "வண்டி எத்தியிட்டில்ல" என்று அவர் சொன்னதை நீங்கள் எங்களுக்கு அப்படியே சொன்னீர்கள். பிறகு தமிழில் ஒரு முறை: வண்டி போய்ச் சேரவில்லை. மணல்காற்று அடித்திருக்கிறது. வண்டியில் இரண்டு டிரைவர்கள். தேடுகிறார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

அம்மா பூதப்பாண்டிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு விளக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் செருப்புகள் கூடிக்கொண்டே போயின. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் சொன்னார்கள். ஆனால் சாவு வீட்டில் பேசுகிற தணிந்த குரலில் சொன்னார்கள். தொலைபேசி ஒலிக்காமல் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. ஒலித்துவிடுமோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிறு மதியம் நீங்கள் என்னை அறைக்குள் கூப்பிட்டீர்கள். கட்டில் மேல் தீவு விரித்திருந்தது. மூன்று மணல் சில்லுகளும் வரிசையாக இருந்தன. மூன்று நிறக் கட்டைகளும் அதனதன் இடத்தில் இருந்தன. உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

நீங்கள் எனக்குப் பகடையைத் தந்தீர்கள். என் முறை முடிந்ததும் நீங்கள் உருட்டினீர்கள். பிறகு பகடையை மறுபடி எடுத்து, "இது உங்க அண்ணனுக்க உருட்டு" என்றீர்கள். அவனுக்கு விழுந்த அட்டைகளை அவன் இருக்க வேண்டிய இடத்தில் கவிழ்த்து வைத்தீர்கள்.

ஏழு விழுந்தது. நீங்கள் மணலிலிருந்து கள்ளனைச் சட்டென்று எடுத்து உங்கள் கோதுமை வயலில் வைத்தீர்கள். சொந்த வயலில் யாரும் கள்ளனை வைக்க மாட்டார்கள். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காதே என்றேன்.

"கிடைக்கண்டாம். இவன் என் வயல்ல இருக்கட்டு. அங்க அவருக்குப் பக்கத்துல நிக்கண்டாம்."

அடுத்த ஏழு எனக்கு விழுந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நானும் கள்ளனை என் காட்டில் வைத்துக்கொண்டேன். உங்கள் வெள்ளையும் என் சிவப்பும் நகரவே இல்லை. நீலம் மட்டும் மணலின் ஓரமாக ஒவ்வொரு வழியாகப் போட்டுக்கொண்டு போயிற்று. பாதிப் பாலைவனம் வந்தபோது வழி போட வேண்டிய செங்கல் தீர்ந்தது. அதன் பிறகு செங்கல் எண் விழவே இல்லை. நாம் மாறி மாறி உருட்டினோம். வெறும் அட்டை என்று தெரியும். என்றாலும் அந்த நீல வழி நடு மணலில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு செங்கல் அட்டையை எடுத்து அண்ணனுக்குப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்றேன்.

"கள்ளக்களி வேண்டாம், மக்கா. கள்ளக்களி களிச்சு அவரெக் கொண்டு சேத்தா, அது சேந்ததாட்டு ஆகாது."

அப்போதுதான் அம்மா வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கட்டிலைப் பார்த்தாள்.

"பிள்ளையக் காணல்ல. ரெண்டு பேருமா இருந்து பகடை உருட்டுதியளா?"

நீங்கள் எழுந்திருக்கவில்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கெல்லாம் போகிறது, மாமி என்று மட்டும் சொன்னீர்கள். அம்மா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பகடையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டம் அப்படியே நின்றது. அதைக் கலைக்க நம் மூன்று பேருக்கும் தைரியம் இல்லை. அன்று நீங்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தீர்கள்.

மறுநாள் பத்து மணி வாக்கில் அதே மலையாளி பேசினார். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். வீடு முழுக்க அழுகையும் சிரிப்புமாக ஆயிற்று. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. குரலைக் கேட்காமல் நம்ப மாட்டேன் என்றீர்கள். அன்று முழுவதும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே முக்காலியில் இருந்தீர்கள். நல்ல செய்தி வந்த பிறகும் ஓர் ஆள் அப்படிப் பயப்பட முடியும் என்று அன்றுதான் கண்டேன். சாயங்காலம் அவன் பேசினான். நீங்கள் அவன் குரலைக் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தீர்கள். பிறகு புறவாசலுக்குப் போய் வாந்தி எடுத்தீர்கள்.

அண்ணன் அதோடு வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்தான். வடசேரி சந்தைக்கு வாழைக்குலை ஏற்றுகிற சின்ன லாரி ஓட்டத் தொடங்கினான். நடந்ததைப் பற்றி யார் கேட்டாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவான். பிள்ளை நடக்கத் தொடங்கியபோது எல்லோரும் வட்டக்கோட்டைக்குப் போனோம், நினைவிருக்கிறதா? அன்று காற்று பலமாக அடித்தது. கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் கீழே கடற்கரை மணல் புகை போல எழும்பி ஓடியது. அண்ணன் அதைப் பார்த்தான். இறங்கிப்போய் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டான்.

அப்போதுதான் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். வண்டியில் கூட இருந்தவர் பாகிஸ்தானிலிருந்து வந்த வயதான பட்டாணிய டிரைவர். டயர் மணலில் புதைந்து, பேட்டரியும் போய்விட்டது. காற்று சற்று அடங்கியபோது தூரத்தில் ஏதோ கட்டிடம் தெரிகிறது என்று அவர் இறங்கினார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறிவிட்டுப் போனார். அண்ணன் அவர் திரும்பி வருவதற்காக வண்டிக் கதவைத் தகரத்தால் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு காற்று மறுபடி வந்தது.

"அவரு தூரமாட்டுப் போகல்ல. தட்டுற சத்தம் கேக்குற தூரத்துலதான் கிடந்தாரு. உங்க அண்ணனுக்கு இப்பமும் அந்தத் தட்டு கேக்குது."

அன்று உங்கள் குரலில் நடுக்கமே இல்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கீழே வண்டியைப் பார்த்தபடி சொன்னீர்கள். அவனுடைய பயத்தை இத்தனை நாள் நீங்கள் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கையில் உங்களுக்கு நோய் கண்டது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிற அன்று வந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். அவர்கள் வெளியே போனதும் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி, எனக்குப் பயமாட்டு இருக்கு."

"எனக்கும் மைனி" என்றேன்.

"அப்பம் சரி" என்றீர்கள். முகம் கொஞ்சம் இளகியது. "ஒண்ணும் பேசண்டாம். கைய விடாம இரி."

கதவு வரைக்கும் விடவில்லை. அந்த ஆபரேஷனிலிருந்து மீண்டு வந்தீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகுதான் எங்களை விட்டுப் போனீர்கள். உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டு நான் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இப்போது அவள் நர்ஸ். அப்பா டாங்கர் ஓட்டிய அதே நாட்டில் வேலை கிடைத்தபோது அண்ணன் போகாதே என்று சொல்லவில்லை. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்: வண்டி எங்கே நின்றாலும் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவளிடம் அப்பா ஏன் இதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் தைரியமாக இரு என்றார்கள். நான் அதைச் சொல்லவில்லை. பயம் வந்தால் கூப்பிடு, பேச விஷயம் ஒன்றும் வேண்டாம் என்றேன்.

இன்று மதியம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டாள். அங்கே வானத்தில் ஏதோ வெடித்த சத்தம் கேட்டதாம். எல்லோரையும் கீழ்த்தளத்துக்கு இறக்கியிருக்கிறார்களாம். "அத்தை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "எனக்கும் பயமாட்டுதான் இருக்கு, மக்கா. வைக்காத, இப்பிடியே இரி" என்றேன்.

அண்ணன் சந்தையிலிருந்து வந்தவன் என் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றான். அலைபேசியில் சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தேன். அவளுடைய மூச்சும், பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஜெபம் சொல்வதும், எங்கேயோ இரும்புக் கதவு அடிபடுவதும் கேட்டன. நாங்கள் மூன்று பேரும் பேசவில்லை. யாரும் வைக்கவும் இல்லை. வெகுநேரம் கழித்து, மேலே விட்டுவிட்டார்கள், வார்டுக்குப் போகிறேன் என்றாள்.

அழைப்பு நின்ற பிறகு அண்ணன் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் கூப்பிடச் சொல்லு" என்றான்.