இடது கைக்கு மாற்றிய கிட்டார்

மார்ச் 3, செவ்வாய்

கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் எரிகிறது. வலது கை. கடையில் லென்ஸைப் பிடிக்கிற கையும் அதுதான். இன்று ஒரு லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி அரைக்கும்போது பிடி நழுவி ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. முதலாளி லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

எல்லாம் லாரி அக்காவால் வந்தது. ஃபர்னிச்சர் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். போன மாதம் கண்ணாடி வாங்க வந்தார். பில் போடும்வரை நான் கவுண்டரில் தட்டிக்கொண்டிருந்தேனாம். "ஏம்மா, உன் கை சும்மாவே இருக்காதா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாயக் கூடத்தில் இவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், பல் டாக்டர் ஒருவர் டிரம்ஸ், தபால்காரர் ஒருவர் பாட்டு. ஃபங்க், சோல் என்று ஆட வைக்கிற மேற்கத்தியப் பாட்டுகள். கிட்டாருக்கு ஆள் இல்லை. "வீட்டுல ஒண்ணு கிடக்கு, ஆனா எனக்குத் தாளம் வராது" என்றேன். "யார் சொன்னா?" என்றார்.

யார் சொன்னது! கட்டின புருஷன் சொன்னது. பதினெட்டு வருஷம் சொன்னது. அந்த ஆள் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சட்டை, ஷேவிங் செட், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி, புதுக் கிட்டார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனவர், பழைய கிட்டாரை பீரோ மேலே விட்டுவிட்டுப் போனார். என்னையும் மகளையும் கீழே.

மார்ச் 8, ஞாயிறு

முதல் ரிகர்சல். மகா கடுப்பு.

முழுப் பாட்டுக்கும் ஒரே ஒரு கார்டு, கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற ஒரே பிடி. ஒன்றே ஒன்று! அதையும் முழுசாக வாசிக்கக் கூடாதாம். மேலே இருக்கிற மெல்லிய கம்பிகளை மட்டும் லேசாகத் தொட்டு, சிக்-சிக் என்று சத்தம் வரவேண்டுமாம். இடையில் ஒரே ஒரு இடத்தில்தான் அழுத்தவேண்டும். இதற்கா விரல் தோலை உரித்துக்கொண்டேன்?

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவையும் முதல்ல வாசி" என்றார் அக்கா. வாசித்தேன். நாலாவது சுற்றிலேயே வண்டி தடம் புரண்டது. பல் டாக்டர் சிரித்தார். சொத்தைப் பல்லைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

மார்ச் 14, சனி

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். செய்ததில் வருத்தம் துளியும் இல்லை.

நான் இடதுகைக்காரி. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத்தான் இதுவரை பழகினேன். கம்பிகள் எல்லாம் வரிசை மாறி நிற்கும். கல்யாணமான புதிதில் அந்த ஆள் எனக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். வலது கையால்தான் தட்டவேண்டும் என்று ஒரே பிடி. கை மாற்றினால் புறங்கையில் ஒரு அடி. செல்லமாகத்தானாம். வாரக் கடைசியில், "உனக்குத் தாளமே கிடையாதுடி, விட்டுடு" என்று தீர்ப்பு. நானும் விட்டுவிட்டேன். அடுத்தவர்கள் முன்னால் அதையே ஜோக்காகச் சொல்லும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வாத்தியம் ரிப்பேர் பண்ணுகிறவரிடம் கொண்டுபோனேன். கம்பிகளைக் கழற்றி வரிசையை அப்படியே மாற்றிப் போட்டார். கம்பிகள் உட்காருகிற பள்ளங்களையும் புதிதாக வெட்டினார். தோள் பட்டை மாட்டுகிற குமிழை மறுபக்கம் மாற்றிப் பொருத்தினார். "இனிமே வலதுகைக்காரங்க யாரும் இதை வாசிக்க முடியாது, தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"அதுக்குத்தாங்க கொண்டாந்தேன்" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

தடம் புரளவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்னொரு தொல்லை. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு என் முழங்கைக்கு நேராக வந்து நிற்கிறது. நல்ல கட்டத்தில் கை உரசி, அக்கா இரவல் கொடுத்த சின்ன ஆம்பில் சத்தம் செத்துப்போகிறது. நான் பாட்டுக்கு ஆவேசமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஊமைப் படம் மாதிரி. மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, கரென்ட் போயிடுச்சா?" என்கிறாள். அவளுக்குப் பதினாறு வயது. நக்கலுக்கு மட்டும் அறுபது.

உலகத்தில் செய்கிற கத்தரிக்கோல், கிட்டார், கடையில் இருக்கிற மெஷின் எல்லாம் வலதுகைக்காரர்களுக்கே. இவர்களுக்கு மட்டும்தான் கை இருக்கிறதா?

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா இன்று என் தவற்றைக் கண்டுபிடித்தார். சத்தம் வராத இடத்தில் நான் கையை நிறுத்திவிடுகிறேனாம். அதனால்தான் அடுத்த தட்டு அரை நொடி பிந்தி வருகிறது. சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கவேண்டும். சும்மா போகிற கைதான் தாளத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கோபம் வந்தால் நான் கிட்டாரின் கழுத்தை நெரிக்கிறேன். கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடுகிறது. "யார் கழுத்துன்னு நெனச்சுப் பிடிக்கிற?" என்று கேட்டார். தபால்காரர் சட்டென்று தன் காலரைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிறகு பிடியைத் தளர்த்தி வாசித்தேன். உள்ளே தாளம் தானாக உருள ஆரம்பித்த மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 11, சனி

அந்த ஆளுக்குக் கிட்டார் வேண்டுமாம்.

என்னிடம் கேட்க வாய் வரவில்லை. மகளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறார். புதுக் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறாராம். அதே ஃபங்க், அதே சோல்! இந்தப் பாட்டுகளுக்கு வேண்டிய கூர்மையான சத்தம் பழைய கிட்டாரில்தான் வருமாம். "அங்க சும்மாதானே கிடக்கு, எடுத்து வையி" என்றாராம்.

சும்மா கிடக்கிறதாம். நானும் சும்மாதான் கிடந்தேன்.

"அப்பாகிட்ட குடுத்துடும்மா, சண்டை வேணாம்" என்றாள் மகள்.

"நான் வாசிக்கிறேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பு எனக்கு இங்கேயே கேட்டது. தட்டுகளைக் கழுவினேன். ஒன்று உடைந்தது. தானாக உடையவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கழுத்தை நெரித்தேன். பாட்டு முழுக்கச் சுருதி ஏறியது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மே இரண்டாம் தேதி கூடத்தில் நிகழ்ச்சி. நாங்கள்தான் வாசிக்கிறோம். ஜனங்கள் எழுந்து ஆடவேண்டும், அதுதான் கணக்கு என்கிறார் அக்கா. யாரும் ஆடவில்லையென்றால் கார்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் நாம் தோற்றோமாம்.

கிட்டார் இல்லாவிட்டால் எனக்கு அந்தக் குழுவில் இடம் இல்லை. இடதுகைக் கிட்டார் என்ன, மூலைக்கடையிலா தொங்குகிறது, போய் ஒன்று வாங்கிவர? மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால் பெட்டி ஆக்கிட்டீங்க" என்றாள். நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. "கேட்டா நேர்ல வந்து கேக்கச் சொல்லு உங்கப்பனை" என்று கத்திவிட்டேன்.

வந்து கேட்டால் என்ன செய்வேன்? கொடுக்கமாட்டேன். செத்தாலும் கொடுக்கமாட்டேன்.

மே 3, ஞாயிறு

காலை. காபி ஆறிக்கொண்டிருக்கிறது. எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நேற்று கூடம் நிறைய ஜனம். முதல் பாட்டில் ஒருவரும் அசையவில்லை. இரண்டாவதில் பின் வரிசைப் பெண்கள் எழுந்தார்கள். அப்புறம் நாற்காலிகளை அவர்களே சுவரோரம் தள்ளிவிட்டார்கள். நான் அந்த ஒரு கார்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவே இல்லை. மகள், என் மகள், சுவரோரம் நின்றவள், நடுவில் வந்து ஆடினாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அந்த ஆள் மேடைக்கு நேர் முன்னால். புதுச் சட்டை. பாட்டு முடிந்ததும் நேராக மேடைக்கு ஏறி வந்தார். பல் டாக்டர் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார், அக்காவும் சேர்ந்துவிட்டார். இவர் என் முன்னால் வந்து கையை நீட்டினார். "குடு, இதை எப்படி வாசிக்கணும்னு காட்டறேன்."

கொடுத்தேன்.

செத்தாலும் கொடுக்கமாட்டேன் என்று எழுதினவள். பட்டையைத் தலை வழியாகக் கழற்றி, ரெண்டு கையாலும் நீட்டினேன். டீ டம்ளர் நீட்டுகிற மாதிரி. யோசிக்கக்கூட இல்லை. என் கையே என் பேச்சைக் கேட்கவில்லை. சீ.

அவர் மாட்டிக்கொண்டார். பட்டைக் குமிழ் மாறியிருந்ததால் கிட்டார் தலைகுப்புறச் சாய்ந்தது. நிமிர்த்தினார். கார்டைப் பிடித்து ஸ்டைலாக ஒரு தட்டு தட்டினார். பாத்திரக் கடையில் அலமாரி சரிந்த மாதிரி ஒரு சத்தம். ஜனம் ஹோ என்று சிரித்தது. மறுபடி தட்டினார். மறுபடி அலமாரி. குனிந்து கம்பிகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மைக்கிலேயே கேட்டார்: "என்னடி பண்ணி வெச்சிருக்க இதை?"

அக்கா வாசிப்பதை நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அது உங்க கைக்கு இல்ல. வெச்சுட்டு இறங்குங்க, பாட்டு ஓடுது."

ஆம்ப் மேலே சாய்த்துவைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். ரெண்டாவது சரணத்தில்தான் உள்ளே நுழைந்தேன். கடைசிவரை வாசித்தேன். எல்லோரும் ஆடினார்கள். நிகழ்ச்சி நல்லபடி முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கி நடக்கும்போது, "ஏம்மா குடுத்த?" என்றாள்.

"நீதானே குடுக்கச் சொன்ன?"

"சொன்னேன். நீ மாட்டேன்ன. எவ்ளோ கத்தின! அப்புறம் அவர் கை நீட்டினதும் ஏன் குடுத்த?"

அவள் அழுதுகொண்டே முன்னால் நடந்தாள். என் மேலே வந்த கோபம் அந்த ஆள் மேலேகூட எனக்கு வந்ததில்லை.

மே 4, திங்கள்

கிட்டார்ப் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வெட்கமாக இருக்கிறது.

மே 7, வியாழன்

அந்த ஆள் வருகிற ஞாயிறு வந்து கிட்டாரை எடுத்துக்கொள்கிறாராம். கம்பியைப் பழையபடி மாற்றிக்கொள்வாராம். இந்த முறை எனக்கே ஃபோன். நான் "ம்" என்றேன். ஏன் "ம்" என்றேன்? வேண்டாம் என்பதற்கும் அதே மூச்சுத்தானே ஆகும்?

கடையில் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வசனம் பேசிப் பார்த்தேன். "இது என்னோடது." சரியில்லை. "நீங்க விட்டுட்டுப் போனது." இதுவும் போதாது. "மரியாதையா இறங்கிப் போங்க." இது பரவாயில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "என்னையா சொன்னே?" என்றார்.

மே 10, ஞாயிறு

தலையில் ஷாம்பு போட்டு நுரை வழிகிற நேரத்தில் பெல் அடித்தது. சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார். வசனத்தையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், துண்டைத் தேடினேன். அதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள். குளியலறைக்குள் எல்லாம் கேட்டது.

"அம்மா குளிக்கறாங்க."

"இருக்கட்டும். பீரோ மேலேதானே? நீயே எடுத்துக் குடு."

"பீரோ மேல இல்லப்பா."

"எங்க இருக்கோ அங்கேருந்து எடுத்துக் குடும்மா. அது என்னோடதுதானே?"

"உங்களோடதுதான். நீங்க விட்டுட்டுப் போனீங்க. இப்ப அதுக்கு ஆள் இருக்கு."

அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், "போயிட்டு வாங்கப்பா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள்.

நுரையோடு வெளியே ஓடினேன். அவள் சோபாவில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தரையெல்லாம் தண்ணி. போய்த் தலையைக் கழுவு."

திரும்பிப் போய் ஷவருக்கு அடியில் நின்று அழுதேன். நான் பேசவேண்டியதை என் குழந்தை பேசவேண்டி வந்துவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது. வசனம் அத்தனையும் வீண். அதற்கும் ஆத்திரம்.

அஞ்சு மணிக்கு ரிகர்சல். தானும் வருவதாகச் சொல்லி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கிட்டார்ப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டேன். "ஏம்மா, குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்று கையை நீட்டினாள்.

"மாட்டேன்" என்றேன். கேட்டதும் வாயிலிருந்து வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.